ஆறு கேள்வியும் ஒரு ஜெய்ப்பூர் காலும்: வாசகர் கேள்வி – பதில்

கணக்கெடுக்க வந்த பிள்ளை "நடக்கிறதில சிரமம் இருக்கோ?" என்று கேட்டா. இவர் ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால் போட்டிருந்தார், "இல்லை" என்று சொல்லிவிட்டார். அப்படிப் பதிந்தது சரியா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

சரியில்லை. பிழை உங்கள் கணவருடையதும் இல்லை.

இப்போது பல நாடுகளில் கேட்கப்படுவது வாஷிங்டன் குழு வகுத்த ஆறு கேள்விகள். ஐக்கிய நாடுகளின் புள்ளிவிபர ஆணைக்குழு 2001இல் அமைத்த குழு அது. பார்ப்பது, கேட்பது, நடப்பது அல்லது படியேறுவது, நினைவில் வைத்திருப்பது அல்லது ஒரு விடயத்தில் மனம் குவிப்பது, குளிப்பது உடுப்பது போன்ற தன் காரியம், வழக்கமான மொழியில் பேசி விளங்கிக்கொள்வது என்ற ஆறிலும் சிரமம் உண்டா என்று கேட்பார்கள். பதில் நான்கு: சிரமமில்லை, கொஞ்சம் சிரமம், நிறையச் சிரமம், செய்யவே முடியாது. ஏதாவது ஒன்றில் கடைசி இரண்டில் ஒன்றைச் சொன்னால்தான் அவர் வலுவிழந்தோர் கணக்கில் சேருவார்.

பார்க்கும் கேள்வியில் "கண்ணாடி போட்டாலும்" என்றும், கேட்கும் கேள்வியில் "செவிப்புலன் கருவி போட்டாலும்" என்றும் இருக்கும். நடக்கும் கேள்வியில் அப்படி எதுவும் இல்லை. ஊன்றுகோலோ செயற்கைக் காலோ இல்லாத நிலையை நினைத்துத்தான் அதற்குப் பதில் சொல்லவேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் கணக்கெடுப்பாளரை ஊருக்குள் அனுப்பினால், கால் இழந்தவர்கள் பலர் "சிரமமில்லை" என்ற பெட்டிக்குள் போய்விடுவார்கள். கண்ணிவெடியும் ஷெல்லும் இத்தனை கால்களை எடுத்த வன்னியில் இது சின்னப் பிழை அல்ல.

இன்னும் மூன்று பிழைகள் அடிக்கடி நடக்கும். நான்கு பதிலையும் வாசிக்காமல் "சிரமமோ, இல்லையோ?" என்று முடித்துவிடுவது முதலாவது. வீட்டுத் தலைவரிடம் மட்டும் கேட்டு எல்லோருக்கும் பதிவது அடுத்தது. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் மோசம்: "இந்த வீட்டில வலுவிழந்தவை ஆரும் இருக்கினமோ?" என்று தொடங்குவது. அந்தச் சொல்லைக் கேட்டதும் முதியவர்கள் "எனக்கு வயது போட்டுது, அவ்வளவுதான்" என்று விலகிவிடுவார்கள். ஆறு கேள்வியிலும் அந்தச் சொல் வேண்டுமென்றேதான் தவிர்க்கப்பட்டிருக்கிறது.

எனக்கு வலது கை இல்லை. அந்த ஆறிலும் கையைப் பற்றி ஒன்றும் காணவில்லையே?
– வாசகர், ஒட்டுசுட்டான்

உண்மைதான். ஒரு கையால் குளித்து உடுக்கப் பழகியவர் "கொஞ்சம் சிரமம்" என்பார், எண்ணிக்கையில் வரமாட்டார். இந்தக் குறைக்காகவே பன்னிரண்டு கேள்விகள் கொண்ட விரிந்த தொகுப்பு ஒன்று உண்டு. இரண்டு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை இடுப்பிலிருந்து கண் மட்டத்துக்கு உயர்த்த முடியுமா, பொத்தான், பென்சில் போன்றவற்றை விரலால் எடுக்க முடியுமா என்ற இரண்டும், பதற்றம், மனச்சோர்வு பற்றிய நான்கும் அதில் கூடுதல். போரின் காயம் கையிலும் மனதிலும் இருக்கும் ஊர்களுக்கு ஆறு போதாது, பன்னிரண்டு வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

மூன்று வயதுப் பிள்ளைக்கும் இதே கேள்விகளா?
– வாசகி, மல்லாவி

இல்லை. ஆறு கேள்விகள் ஐந்து வயதுக்குக் கீழே பொருந்தாது. யுனிசெப்பும் அதே குழுவும் சேர்ந்து ஆக்கிய சிறுவர் வினாக்கொத்து 2–4 வயதுக்கு ஒன்றும் 5–17 வயதுக்கு ஒன்றுமாக உண்டு. தாயிடமோ வளர்ப்பவரிடமோ கேட்பார்கள்.

இலங்கையில் வலுவிழந்தோர் 2001இல் 1.6 வீதம், 2012இல் 8.7 வீதம். போரால் கூடியதா?
– ஆசிரியர், துணுக்காய்

போர் காயப்படுத்தியது உண்மை. ஆனால் இந்த இரண்டு எண்ணையும் வைத்து அதைக் காட்ட முடியாது. கேட்ட விதமே மாறிவிட்டது. 2012இன் வீதம் ஐந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியது. 2001இல் கணக்கெடுப்பு முழுமையாக நடந்தது 18 மாவட்டங்களில்தான். வன்னி அதில் இல்லை. எங்கள் பக்கத்துக்கு 2012க்கு முன் ஒப்பிட ஒன்றுமில்லை.

கிளிநொச்சியில் வலுவிழந்தோரின் தொழில் உரிமை நிறைவேறுகிறதா என்று தேசிய ஆய்வுத் தரவை வைத்துக் காட்ட விரும்புகிறோம். எப்படி?
– வலுவிழந்தோர் சங்கமொன்று

இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்திய, வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 27ஆம் உறுப்புரை தொழிலைப் பற்றியது, 31ஆவது தரவு திரட்டுவதைப் பற்றியது. எத்தனை பேர் என்று எண்ணி நிறுத்தினால் உரிமையைக் கண்காணித்ததாகாது. ஒரே ஆய்வில், ஒரே கேள்விக்கு, சிரமம் உள்ளவரின் விடையையும் இல்லாதவரின் விடையையும் பக்கத்தில் வைக்கவேண்டும். இடைவெளிதான் உங்கள் சான்று.

ஆகவே முதலில் வினாக்கொத்தை எடுத்து, ஆறு கேள்வியும் தொழில் கேள்வியும் ஒரே ஆளிடம் கேட்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் மேலே போவது வீண் வேலை.

அடுத்தது வயது. சிரமம் உள்ளவர்களில் முதியோர் அதிகம். அவர்களைச் சேர்த்து ஒப்பிட்டால் இடைவெளி பெரிதாகத் தெரியும், எதிராளி அதிலேயே பிடிப்பார். 15–29, 30–44, 45–64 என்று பிரித்து, ஆண் பெண் வேறாக வையுங்கள்.

பிறகுதான் பெரிய தலையிடி வரும். ஒரு மாவட்டத்தில் 400 வீடுகள், 1,500 பேர் மாதிரியில் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 3 வீதம் என்றால் சிரமம் உள்ளவர் 45 பேர், உழைக்கும் வயதில் ஏறத்தாழ 30. அதில் ஒன்பது பேர் வேலை செய்தால் 30 வீதம். ஆனால் உண்மை 14க்கும் 46க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். வீடுகளைக் கொத்துக் கொத்தாகத் தெரிவு செய்வதால் இந்த அகலம் இன்னும் கூடும்; முன் சொன்ன வயதுப் பிரிப்பையும் இந்த முப்பது பேர் தாங்கமாட்டார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கையும் சேர்த்து 120 பேரானால் அந்த அகலம் 22–38 வீதமாகச் சுருங்கும். அல்லது கேள்வி மாறாத இரண்டு மூன்று ஆண்டுத் தரவை ஒன்றாக்குங்கள். எதைச் செய்தாலும் ஒவ்வொரு ஆளுக்கும் கொடுக்கப்பட்ட நிறையை (அவர் எத்தனை பேருக்காக நிற்கிறார் என்ற எண்ணை) போட்டுத்தான் கணக்கிடவேண்டும். மாவட்டத்துக்கு ஒரு எண்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் கிடைப்பது எண்ணல்ல, ஊகம்.

விடுதிகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் இருப்போர் வீட்டு ஆய்வில் வரமாட்டார்கள். அறிக்கையில் அதை நீங்களே எழுதிவிடுங்கள்.

இந்தத் தரவை எங்கே, எப்படிக் கேட்பது?
– வாசகர், மாந்தை கிழக்கு

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தரிடம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் எழுதிக்கொள்வது உத்தியோகத்தரின் கடமை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அதற்கும் பலனில்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

"வலுவிழந்தோர் விபரம் தருக" என்று எழுதாதீர்கள். ஒரு மொத்த எண்ணோடு கடிதம் திரும்பி வரும். இப்படி எழுதுங்கள்: "பிரதேச செயலகப் பிரிவு, பால், வயதுப் பிரிவு வாரியாக, ஆறு செயற்பாடுகளில் ஒவ்வொன்றிலும் நான்கு விடைகளையும் தெரிவு செய்தோர் எண்ணிக்கை." நான்கு விடையும் தனித்தனியாக வந்தால்தான் "கொஞ்சம் சிரமம்" சேர்க்கப்பட்டதா என்று தெரியும். கிராம அலுவலர் பிரிவு மட்டத்தில் கேட்டால் மறுக்கக்கூடும். இரண்டு மூன்று பேரே இருக்கும் இடத்தில் ஆளை அடையாளம் கண்டுவிடலாம் என்பதால் அந்த மறுப்பு நியாயமானது.

உங்கள் பிரதேச செயலகத்தில் சாய்தளம் உண்டா, மலசலகூடக் கதவுக்குள் சக்கர நாற்காலி போகுமா என்பதை எந்தத் தேசிய ஆய்வும் சொல்லாது. அதற்கு 2006இன் அணுகு வசதி ஒழுங்குவிதிகளும் ஒரு அளவுநாடாவும் போதும். சாய்தளத்தின் உயரத்தையும் நீளத்தையும் இரண்டையும் அளந்து குறியுங்கள். ஒன்றை விட்டால் சரிவைக் கணக்கிட முடியாது.