நுண்துகளைப் பின்னூட்டலால் அடக்கும் ஆய்வில் என்னதான் வேலை?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கும் தம்பி ஒருவர், கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு இந்தத் துறையில் என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறார்.

வெற்றிட அறையில் லேசரைக் குவித்தால், சுமார் 100 நானோமீட்டர் கண்ணாடித் துகள் அதில் சிக்கி மிதக்கும். சும்மா இராது, ஆடிக்கொண்டே இருக்கும். அதில் பட்டுச் சிதறும் ஒளியிலிருந்து இடத்தை அளந்து, அது ஓடும் திசைக்கு எதிராக மின்புலத்தால் தள்ள வேண்டும்; இப்படி அளந்து அளந்து திருத்துவதுதான் பின்னூட்டல். ஊஞ்சலைத் தள்ளி நிறுத்துவதுபோல. என்ன, இந்த ஊஞ்சல் நொடிக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் தடவை ஆடும்! 2021இல் வியன்னா, சூரிச் குழுக்கள் இப்படித்தான் துகளின் அசைவைக் குவாண்டம் அடிநிலைக்கு, அதாவது இயற்கை விடும் மிகக் குறைந்த அசைவுக்கு, அருகே கொண்டுபோயின.

நாளாந்த வேலை பெரும்பாலும் லேசரைச் சீர்செய்வதும் அளவீட்டைக் குழப்பும் இரைச்சலைத் துரத்துவதும்தான். சரி, இங்கிருந்தே தொடங்க வேண்டுமா? கல்மன் வடிகட்டியைப் படியுங்கள்; இரைச்சல் கலந்த அளவீடுகளிலிருந்து துகளின் உண்மையான இடத்தையும் வேகத்தையும் கணிக்கும் கணித முறை அது. வியன்னாக்காரர் பயன்படுத்தியதும் அதைத்தான். சாதாரண மடிக்கணினியிலேயே போலித் துகளொன்றை ஆடவிட்டு அடக்கிப் பார்க்கலாம்.