தேசிய கீதத்தின்போது மண்டியிட்டவர்கள்: கேள்வி பதில்

அமெரிக்க விளையாட்டுத் திடல்களில் தேசிய கீதம் ஒலிக்கும்போது வீரர்கள் காட்டிய எதிர்ப்பு பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். முதலிலேயே ஒன்று: படத்தின் மேல் இரண்டு வரி எழுதிச் சுற்றவிடுவதை வைத்து யாரையும் எடை போடாதீர்கள்.

கல்லூரி மாணவி, திருச்சி: கேப்பர்னிக் உட்கார்ந்தார் என்றும் மண்டியிட்டார் என்றும் இரண்டு விதமாகப் படித்தேன். எது சரி?

இரண்டும் சரிதான் அம்மா. அந்த வரிசையில்தான் விஷயமே இருக்கிறது. 2016 ஜூலை 5 அன்று லூசியானாவில் ஆல்டன் ஸ்டெர்லிங்கும், மறுநாள் மின்னசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டிலும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். இருவரும் கறுப்பர்கள். அடுத்த மாதம், சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக் (தாக்குதல் ஆட்டத்தை நடத்துபவர்) காலின் கேப்பர்னிக், கீதத்தின்போது பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். முதல் ஆட்டங்களில் யாரும் கவனிக்கவில்லை. ஆகஸ்ட் 26 ஆட்டத்துக்குப் பிறகுதான் பெரிய செய்தியானது. கறுப்பின மக்களை ஒடுக்கும் நாட்டின் கொடிக்குப் பெருமை காட்டி எழுந்து நிற்க மாட்டேன் என்று காரணத்தை வெளிப்படையாகவே சொன்னார்.

அப்புறம் நடந்ததுதான் பலருக்குத் தெரியாது. நேட் போயர் என்பவர் ராணுவச் சிறப்புப் படையில் இருந்துவிட்டுப் பிறகு அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். கேப்பர்னிக் உட்கார்ந்தது அவருக்கு வலித்தது. திட்டித் தீர்க்காமல் பகிரங்கக் கடிதம் எழுதினார். இருவரும் நேரில் உட்கார்ந்து பேசினார்கள். வீழ்ந்த தோழனின் கல்லறை முன் படைவீரர்கள் மண்டியிடுவதுண்டு, நீங்களும் அப்படிச் செய்யலாமே என்றார் போயர். செப்டம்பர் 1 அன்று சான் டியாகோவில் கேப்பர்னிக்கும் சக வீரர் எரிக் ரீடும் ஒரு காலை மடித்து மண்டியிட்டார்கள். பக்கத்திலேயே நெஞ்சில் கைவைத்து நின்றார் போயர்.

வாசகர், சேலம்: ராணுவத்தை அவமதித்தவரை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். மண்டியிடும் யோசனையைக் கொடுத்தவரே ஒரு ராணுவ வீரர்.

சென்னை வழக்கறிஞர்: பேச்சுரிமை அரசியல் சட்டத்தில் இருக்கும்போது அணிகள் எப்படித் தடுக்க முடியும்?

அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது, தனியார் முதலாளியின் கையை அல்ல. 1996-ல் கூடைப்பந்து வீரர் மஹ்மூத் அப்துல் ரவூஃப் கீதத்துக்கு நிற்க மறுத்தார். கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் விதிப்படி நின்றே ஆக வேண்டும். இடைநீக்கம் செய்தார்கள், ஒரு ஆட்டத்தின் சம்பளம் போனது. நிற்பேன், ஆனால் தலைகுனிந்து பிரார்த்திப்பேன் என்று சமரசமானது.

உடற்கல்வி ஆசிரியர் (ஓய்வு), கோவை: 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கறுப்புக் கையுறையோடு கை உயர்த்திய இருவரின் பதக்கத்தையும் பறித்தார்களே, அதை எழுதுங்கள்.

பறிக்கவில்லை ஐயா. அமெரிக்க அணியிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பினார்கள். பதக்கம் அவர்களிடமே இருந்தது.

அதே ஆசிரியர்: முப்பது வருடமாக மாணவர்களுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். படத்தோடு ஆதாரமும் வந்திருக்கிறது.

அந்தப் படத்தைத்தான் நம்பாதீர்கள் என்கிறேன். 200 மீட்டரில் டாமி ஸ்மித் தங்கம், ஜான் கார்லோஸ் வெண்கலம். 2010-ல் ஸ்மித் தன் தங்கப் பதக்கத்தை ஏலத்துக்குக் கொண்டுவந்தார். பறிகொடுத்தவர் எதை ஏலம் விடுவார்?

தஞ்சாவூர் வாசகர்: ஆசிரியர் சொல்வதுதான் சரி. நானும் படித்திருக்கிறேன்.

மதுரை வாசகி: இல்லை, 1972-ல் நடந்ததோடு குழப்பிக்கொள்கிறார்கள்.

மதுரைக்காரர் பக்கத்தில் வந்துவிட்டார். 1972 மியூனிக்கில் 400 மீட்டர் ஓடிய வின்ஸ் மாத்யூஸும் வேய்ன் காலெட்டும் மேடையில் விறைப்பாக நிற்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒலிம்பிக்கிலிருந்தே தடை விதித்தார்கள். அங்கேயும் பதக்கம் போகவில்லை.

ஆசிரியர் ஐயா, மாணவர்களுக்கு அந்த மேடையில் நின்ற மூன்றாவது மனிதரைச் சொல்லுங்கள். வெள்ளி வென்ற ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மன், வெள்ளையர். கார்லோஸ் கையுறையை மறந்துவிட்டு வந்ததால், ஒரே ஜோடியை ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னது அவர்தான். அதனால்தான் ஒருவர் வலக்கையும் மற்றவர் இடக்கையும் உயர்த்தினார்கள். நார்மன் தன் நெஞ்சில் மனித உரிமைக்கான சின்னத்தைக் குத்திக்கொண்டார். அன்று அவர் ஓடிய 20.06 விநாடி 2024 வரை ஆஸ்திரேலிய சாதனையாக நின்றது. 2006-ல் அவர் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோஸும் போய் சவப்பெட்டியைச் சுமந்தார்கள். எனக்கு அந்த மேடையைவிட இந்தக் காட்சிதான் பெரிது.

ஐ.டி. ஊழியர், பெங்களூரு: விளையாட்டுக்கு முன் கீதம் பாடுவது எப்போது வந்தது?

1918 பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டம், சிகாகோ. போர்க்காலம். இடைவேளையில் இசைக்குழு இந்தப் பாட்டை வாசித்ததும் கூட்டம் எழுந்து பாடியது. அப்போது அது அதிகாரப்பூர்வ தேசிய கீதமே இல்லை. 1931-ல்தான் ஆனது.

வாசகர், துபாய்: ஈரான் வீரர்கள் செய்ததும் இதேதானா?

இல்லை, அங்கே ஆபத்து இன்னும் பெரிது. ஈரானில் அரசுக்கு எதிரான போராட்டங்கள் நடந்த நேரம் அது. 2022 கால்பந்து (சாக்கர்) உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில், தங்கள் கீதம் ஒலித்தபோது வாயே திறக்காமல் நின்றார்கள். நான்கு நாள் கழித்து வேல்ஸ் ஆட்டத்தில் உதட்டை அசைத்தார்கள். இடையில் என்ன நெருக்கடி வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களைக் கோழை என்று எழுதியிருந்த ஒரு கேள்வியை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

வாசகி, நாகர்கோவில்: நம் நாட்டில் பாடாமல் இருந்தால் குற்றமா?

1986-ல் கேரளத்தின் மூன்று பள்ளிப் பிள்ளைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மத நம்பிக்கை காரணமாகப் பாடாவிட்டாலும் மரியாதையாக எழுந்து நின்றார்கள், அவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்றது.

வாசகர், ஈரோடு: கொடியை அவமதித்தால் ராணுவத்தை அவமதித்ததுதானே?

மூன்று பேர் இதையே கேட்டுவிட்டார்கள். கீதத்தின்போது எதிர்ப்பது வேறு, கீதத்தை எதிர்ப்பது வேறு. இனி இதற்குப் பதில் இல்லை.

பள்ளி மாணவன், விருதுநகர்: கேப்பர்னிக் இப்போது எந்த அணி சார்?

எந்த அணியும் இல்லை தம்பி. 2013-ல் அணியை லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை கொண்டுபோனவர், 2017 ஜனவரி 1-க்குப் பிறகு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அணிகள் கூடிப் பேசி ஒதுக்குகின்றன என்று புகார் கொடுத்தார். 2019 பிப்ரவரியில் சமரசத்தில் முடித்துக்கொண்டார்கள். வீரர்கள் சொன்னதை முன்பே கேட்காதது தவறு என்று 2020 ஜூனில் லீக் தலைவர் ராஜர் குடெல் சொன்னார். அந்தக் காணொளியில் கேப்பர்னிக்கின் பெயர் வரவில்லை. கடைசி ஆட்டத்தின்போது அவருக்கு வயது 29.