ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக ஓடுமா?

மன்னார்குடியில் உரக்கடை, பில் போடும் மென்பொருளுக்கு விண்டோஸ் வேண்டும், மகளின் கல்லூரிப் பாடத்துக்கு லினக்ஸ் வேண்டும், இருப்பதோ 8 ஜிபி ராம் உள்ள ஒரே கணினி என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஓடும்.

கல்லணையை நினைத்துக்கொள்ளுங்கள். வரும் தண்ணீரைக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து விடுகிறார்கள் இல்லையா? ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளின் வேலையும் அதுதான். ப்ராசஸர், ராம், டிஸ்க் மூன்றிலும் ஒரு பங்கைப் பிரித்து, லினக்ஸுக்குத் தனிக் கணினி போலக் காட்டும். லினக்ஸ் அதை நம்பிவிடும். ஆனால் இல்லாத தண்ணீரை யாராலும் திறக்க முடியாது. லினக்ஸுக்கு 3 ஜிபி ராம் கொடுங்கள், போதும். 6 கொடுத்தால் விண்டோஸ் கடைமடை வயலாகக் காய்ந்துவிடும். அதனால் லுபுண்டு மாதிரி இலகுவான லினக்ஸே நல்லது.

விர்ச்சுவல்பாக்ஸ் அப்படியொரு ஹைப்பர்வைசர். இலவசம், 2007-இல் வெளிவந்தது, இப்போது ஆரக்கிள் நிறுவனத்தின் வசம் இருக்கிறது. நிறுவுவது சுலபம். பலர் சிக்குவது வேறிடத்தில்: பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில், மெய்நிகராக்க வசதி (இப்படிக் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்ட உதவுவது) அணைந்திருக்கும். இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயரில் தேடி அதைப் போடுங்கள். இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தவன் நான்.

டிஸ்கில் 25 ஜிபி ஒதுக்கினாலும், 'டைனமிக்' முறையில் கோப்பு தேவைக்கேற்பத்தான் வளரும். அப்புறம், மகள் எதையாவது சோதித்துப் பார்க்கும் முன் ஸ்னாப்ஷாட் (லினக்ஸின் அப்போதைய நிலையை அப்படியே சேமிப்பது) எடுக்கச் சொல்லுங்கள். கெட்டுப்போனால் பழைய நிலைக்கே திரும்பலாம். கடைக் கணக்குக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம். டிஸ்கே போனால் ஸ்னாப்ஷாட்டும் கூடவே போய்விடும். பில் விவரத்தைத் தனியாகப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.