சினிமா கேள்வி-பதில்: சிரிக்கலாமா, கூடாதா?

போன இதழில் ‘50/50’ படத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு பத்தி எழுதினேன். தண்டுவடத்தில் புற்றுநோய் வந்த 27 வயது இளைஞன் ஒருவனின் கதையை நகைச்சுவையாகச் சொன்ன அமெரிக்கப் படம், 2011-இல் வந்தது. எனக்கும் இருபத்தெட்டு வயதில் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்து கீமோ எடுத்துக்கொண்டேன் என்று அந்தப் பத்தியில் ஒரு வரி இருந்தது. விளைவு, வந்த கடிதங்களில் பாதி படத்தை விட்டுவிட்டு என்னை நலம் விசாரிக்கின்றன. நன்றாக இருக்கிறேன், நன்றி. இந்த முறை முழுக்க அந்தப் படத்தை ஒட்டிய கேள்விகள் மட்டும்.

கேள்வி: படம் உண்மைக் கதை என்கிறார்களே, எவ்வளவு உண்மை?

அடித்தளம் உண்மை. கதை எழுதிய வில் ரைசருக்கு இருபதுகளின் நடுவில் தண்டுவடத்தில் கட்டி வந்தது. அப்போது அவர் தொலைக்காட்சியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ‘டா அலி ஜி ஷோ’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சியில் பழக்கமான நண்பர்தான் நடிகர் சேத் ரோகன். நோயிலிருந்து எழுந்து வந்ததும் இதைப் படமாக எழுது என்று ரைசரைத் தூண்டியவர்கள் ரோகனும் அவருடைய கூட்டாளி ஈவன் கோல்ட்பெர்க்கும். இருவரும் படத்தைத் தயாரிக்கவும் செய்தார்கள். நோயாளியின் நண்பன் கைல் வேடத்தில் ரோகனே நடித்தார், அதாவது கிட்டத்தட்ட தன் வேடத்தில் தானே! நாயகன் ஆடமாக ஜோசப் கார்டன்-லெவிட். இயக்கம் ஜொனாதன் லெவின். ரைசருக்கு முதல் திரைக்கதைக்கான இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருது கிடைத்தது. மற்றபடி சியாட்டில் வானொலி வேலை, காதலி, பயிற்சியில் இருக்கும் மனநல ஆலோசகர் எல்லாம் கதைக்காகச் சேர்த்துக் கட்டியவை.

கேள்வி: மொட்டை அடிக்கும் காட்சியில் நிஜமாகவே முடியை எடுத்தார்களா?

நிஜம்தான். ஒரே டேக், திரும்ப எடுக்க வழியில்லை. பேச்சும் பெரும்பாலும் அங்கேயே வாய்க்கு வந்தது. இந்த வேடத்துக்கு முதலில் பேசப்பட்டிருந்தவர் ஜேம்ஸ் மெக்காவோய். கடைசி நேரத்தில் அவர் குடும்பக் காரணங்களால் விலக, அவசரமாக வந்து சேர்ந்தவர் கார்டன்-லெவிட். வந்த வேகத்தில் தலையைக் கொடுத்துவிட்டார் பாவம்.

கேள்வி: புற்றுநோயை வைத்துச் சிரிக்கவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. என் சித்தப்பாவை அந்த நோய்க்குப் பறிகொடுத்தவள் நான். உங்களால் எப்படிச் சிரிக்க முடிந்தது?

உங்கள் கோபம் நியாயம். சிரித்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன், பார்க்காமலும் இருக்கலாம். ஆனால் இந்தப் படம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று கவனியுங்கள். நோயாளியைப் பார்த்து அல்ல, அவனைச் சுற்றி நிற்பவர்களின் தவிப்பைப் பார்த்து.

முதல் காட்சிகளிலேயே அது வந்துவிடுகிறது. டாக்டர் ஆடமின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பதிவுக் கருவியில் பேசிக்கொண்டே போகிறார். வாயில் நுழையாத பெயர் ஒன்று வருகிறது. நான் சிகரெட் பிடிப்பதில்லை, குடிப்பதில்லை, குப்பையைக்கூடத் தரம் பிரித்துத்தானே போடுகிறேன் என்கிறான் ஆடம். மரணச் செய்தி காதில் விழும் நேரத்தில் குப்பையைப் பற்றி யாராவது பேசுவார்களா என்று தோன்றும். பேசுவார்கள். என் பயாப்ஸி முடிவைச் சொன்னபோது நான் டாக்டரிடம் முதலில் கேட்டது, நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க இன்று எத்தனை மணிக்கு இங்கிருந்து கிளம்பலாம் என்று.

அப்புறம் நடப்பதுதான் படத்தின் உயிர். விஷயம் தெரிந்ததும் அலுவலகத்தில் விருந்து வைத்து ஆளாளுக்குக் கட்டிப்பிடிக்கிறார்கள். அம்மா அழுகிறார், இனி உன் வீட்டிலேயே தங்கப்போகிறேன் என்கிறார். நண்பன் நோயாளியைவிட அதிகமாகப் பதறுகிறான். ஒவ்வொருவரையும் ஆடம்தான் தேற்ற வேண்டியிருக்கிறது. நோய் அவனுக்கு, ஆறுதல் மற்றவர்களுக்கு! இந்த அநியாயத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய படம் எனக்குத் தெரிந்து வேறில்லை. எனக்கும் அப்படித்தான். பார்க்க வந்த உறவினர் ஒருவர் தேம்பித் தேம்பி அழ, நான் சலைன் ஏறாத கையால் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வார்டுக்குள்ளேயே சிரிப்பு உண்டு, அதை வெளியில் இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். என் சிகிச்சையில் டாக்ஸோரூபிசின் என்ற மருந்து இருந்தது. பார்க்கவே சிவப்பாக இருக்கும், ஏறி முடித்ததும் சிறுநீரும் அதே நிறத்தில் போகும். என்னிடம் அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அல்லது சொன்னது என் காதில் ஏறவில்லை. கழிவறையிலிருந்து அலறியடித்து வெளியே வந்தேன். பக்கத்து நாற்காலியில் கீமோ ஏறிக்கொண்டிருந்த பெரியம்மா நிதானமாகச் சொன்னார்: “சிவப்பு மை வந்துடுச்சா? இனி நீதான் டீச்சர். எங்களுக்கெல்லாம் மார்க் போடு.” அதற்குப் பிறகு நர்ஸ் ஊசியைச் சரியாகக் குத்தினால் அவருக்குப் பத்துக்கு எட்டு. தப்பினால் ஃபெயில்.

படத்திலும் கீமோ அறையில் மிட்ச், ஆலன் என்று இரண்டு முதியவர்கள் இருக்கிறார்கள். ஆடம் யாரையும் தேற்றாமல் உட்கார முடிகிற ஒரே இடம் அவர்கள் பக்கம்தான். பிறகு அவர்களில் மிட்ச் இறந்துபோகிறார். படம் அதை வயலின் இசை போட்டு அழுத்தவில்லை. அதனாலேயே அந்தச் சேதி கனக்கிறது.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் கண்டுபிடித்ததும் இல்லை. 1962-இல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ முழுக்க ஆஸ்பத்திரிக்குள் நடந்தது, அதே ஆஸ்பத்திரியில்தான் நாகேஷும் இருந்தார். நாம் சிரித்துக்கொண்டேதான் அழுதோம்.

கேள்வி: பிழைக்க ஐம்பது சதவீத வாய்ப்பு என்றால் சரியாக என்ன அர்த்தம்? எனக்கும் டாக்டர் ஒரு எண் சொல்லியிருக்கிறார். தூக்கம் போய்விட்டது.

அந்த எண் உங்களைப் பற்றியது இல்லை. உங்களைப் போன்ற நோய் வந்த பெரிய கூட்டத்தைப் பற்றியது. அந்தக் கூட்டத்தில் எண்பது வயதுக்காரர் இருப்பார், வேறு நோய்களும் சேர்ந்தவர் இருப்பார், மிகத் தாமதமாக வந்தவர் இருப்பார். பெரும்பாலும் ஐந்து ஆண்டு கடந்தும் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கணக்கைத்தான் சொல்வார்கள். ஐந்து ஆண்டு கடந்தவர்களைத் தெரிந்துகொள்ள ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும் இல்லையா? அதனால் இன்றைய எண் எப்போதுமே சில ஆண்டுகளுக்கு முந்தைய சிகிச்சையின் பலன்.

ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க உயிரியல் அறிஞருக்கு 1982-இல் வயிற்றில் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் வந்தது. இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று மருத்துவ இதழ்களில் படித்தார். மனிதர் கணக்குத் தெரிந்தவர். எட்டு மாதம் இடைநிலை என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டியும் இருந்திருக்க வேண்டும், வரைபடம் போட்டால் அந்தப் பக்கத்துக் கோடு ஒரு வால்போலப் பல ஆண்டுகள் நீளும், எனக்கு வயது குறைவு, சிகிச்சையும் நல்ல சிகிச்சை, ஆகவே நான் அந்த வாலில் இருக்கலாம் என்று யோசித்தார். இருபது ஆண்டுகள் இருந்தார். 2002-இல் இறந்தது வேறொரு புற்றுநோயால்.

படத்தில் ஆடம் அந்தப் பாதிக்குப் பாதியை இணையத்தில் தேடிப் பிடிக்கிறான். நண்பன் கைல் உடனே, இது சூதாட்டமாக இருந்தால் இதைவிட நல்ல ஆட்டம் உனக்குக் கிடைக்காது என்கிறான். மட்டமான ஆறுதல், ஆனால் கணக்கு சரி. நீங்கள் இரவில் இணையத்தைத் திறக்க வேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம், இந்த எண் எந்த நிலையில் இருப்பவர்களுக்கானது, என் வயதுக்கு எப்படி மாறும் என்ற இரண்டையும் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். கீமோ இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால், பின்னாளில் குழந்தை வேண்டுமென்ற எண்ணம் இருக்கிறதா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். விந்தணுவையோ கருமுட்டையையோ சேமித்து வைக்கும் ஏற்பாட்டைச் சிகிச்சைக்கு முன்பே செய்ய வேண்டும். வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டால் நேரம் போய்விடும்.

கேள்வி: என் நெருங்கிய நண்பனுக்கு 25 வயதில் புற்றுநோய். அவனிடம் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. போன் பண்ணாமலே நாட்களைக் கடத்துகிறேன்.

தம்பி, இந்த இதழை மூடி வைத்துவிட்டு முதலில் போனை எடுங்கள். என்ன சொல்வது என்றே தெரியலடா என்று சொன்னால் போதும், அதுவே பேச்சுதான்.

படத்தில் கைல் நல்ல நண்பனா என்று பார்த்தால், தேறவே மாட்டான். நண்பனின் நோயைச் சொல்லிப் பெண்களின் அனுதாபத்தைப் பிடிக்கப் பார்க்கிறான். சத்தம் போடுகிறான், எப்போதும் விளையாட்டு. ஆடமே ஒரு கட்டத்தில் வெறுத்துப்போகிறான். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவு, குடித்துத் தள்ளாடும் கைலை அவன் வீட்டில் படுக்கவைத்துவிட்டு ஆடம் குளியலறைக்குப் போகிறான். அங்கே ஒரு புத்தகம். புற்றுநோய் வந்தவருக்கு எப்படித் துணை நிற்பது என்பது பற்றியது. பக்கங்கள் மடித்திருக்கின்றன, வரிகளில் கோடு போட்டிருக்கிறது. அவ்வளவுதான், ஆடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, திரும்பி வந்து கைலின் ஷூவைக் கழற்றிவிடுகிறான். படத்திலேயே எனக்குப் பிடித்த காட்சி அது.

உங்களுக்குப் படிக்க நேரமில்லை என்றால் என் அனுபவத்தில் இருந்து கொஞ்சம். “ஏதாவது வேணும்னா சொல்லு” என்று சொல்லாதீர்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். “செவ்வாய்க்கிழமை கீமோவுக்கு நான் கூட வர்றேன்” என்று நாளைச் சொல்லுங்கள். வாசனைத் திரவியம் போட்டுக்கொண்டு போகாதீர்கள், குமட்டும். கீமோ முடிந்து ஏழு முதல் பதினான்கு நாட்கள் வரையில், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் பொதுவாக அடிமட்டத்துக்கு இறங்கும். உங்களுக்கு லேசான ஜலதோஷம் என்றால்கூட அப்போது நேரில் போகாமல் போனில் பேசுங்கள். உங்கள் நண்பனுக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டுக்கு ஏறினால், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான், காலை வரை பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. உங்கள் மாமாவுக்கு இதே நோய் வந்து எப்படி இறந்தார் என்ற கதை வேண்டவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்த மூலிகையும் அப்படியே. கிரிக்கெட் பேசுங்கள், அலுவலக வம்பு பேசுங்கள். எனக்கு வேலையிடத்து வம்பு கேட்டதைப் போல அந்த நாட்களில் எதுவும் இனிக்கவில்லை.

கேள்வி: காதலியை வில்லியாக்கிவிட்டார்கள் என்று என் மனைவி சண்டை போடுகிறாள். உங்கள் தீர்ப்பு?

உங்கள் மனைவி பக்கம். ரேச்சல் ஆடமை ஏமாற்றுவது தப்புதான். ஆனால் ஆஸ்பத்திரிக்குள் கால் வைக்கவே பயப்படும் ஓர் இளம்பெண்ணைப் புரிந்துகொள்ளப் படம் அரை நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை. நண்பர்கள் இருவரும் அவள் வரைந்த ஓவியத்தைச் சிதைப்பதைக் கொண்டாட்டமாகக் காட்டுவது எனக்கு ரசிக்கவில்லை. இன்னொரு பெண், ஆலோசகர் கேத்தரின். வயது 24, ஆடம் அவளுக்கு மூன்றாவது நோயாளி. அவளது தடுமாற்றமும் குப்பை நிறைந்த காரும் அழகு. ஆனால் நோயாளியோடு காதல்? நிஜத்தில் அமெரிக்க உளவியலாளர் சங்கத்தின் விதிப்படி, சிகிச்சை முடிந்து குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு அந்த மாதிரி உறவு கூடாது. படத்துக்கு இனிப்பான முடிவு தேவைப்பட்டது, போட்டுவிட்டார்கள்.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. சிகிச்சை நடக்கிறது. நான் அறைக்குள் போனாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இந்தப் படத்தை அவனுக்குக் காட்டலாமா?

அம்மா, முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். ஆடமின் அம்மாவாக ஆஞ்சலிகா ஹூஸ்டன் நடித்திருக்கிறார். கணவருக்கு அல்சைமர். மகனோ போனை எடுப்பதில்லை. கேத்தரின்தான் ஒரு நாள் ஆடமுக்கு அதை எடுத்துச் சொல்கிறாள்: உன் அம்மாவுக்குப் பேச முடியாத கணவர் ஒருவர், பேச மறுக்கும் மகன் ஒருவன். அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. புற்றுநோய் வந்த பிள்ளைகளின் பெற்றோர் கூடிப் பேசும் குழுவுக்கு மகனிடம் சொல்லாமலே போய்க்கொண்டிருக்கிறார். நீங்களும் உங்கள் ஆஸ்பத்திரியின் மருத்துவ சமூகப் பணியாளரிடம் அப்படி ஏதாவது உண்டா என்று விசாரியுங்கள். உங்கள் அழுகைக்கு ஓர் இடம் கிடைத்தால், அதைத் தாங்கும் வேலை அவனுக்கு இருக்காது. முகத்தைத் திருப்புவது பெரும்பாலும் அதற்காகத்தான். நானும் என் அம்மாவிடம் திருப்பியிருக்கிறேன்.

மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் ஆடம் சின்னப் பையன்போல் அம்மாவைப் பிடித்துக்கொள்கிற காட்சிக்கு மட்டும் கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டுவதா வேண்டாமா என்பதை அவனிடமே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் அவன் நண்பர்களோடு பார்க்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம். அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ் வாங்கிய படம். கெட்ட வார்த்தை, கஞ்சா, படுக்கையறைப் பேச்சு எல்லாம் தாராளம். கைல் வாயைத் திறக்கும்போதெல்லாம் உங்கள் இருவரில் ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்து போக வேண்டியிருக்கும்.