ஆலங்கட்டி மழைக்குப் பிறகு யாரிடம் கையெழுத்துப் போடுவது? டெக்சாஸ் பப்ளிக் அட்ஜஸ்டர் விதிகள்: கேள்வி பதில்

பிளேனோ வாசகர்: இன்ஷூரன்ஸ் நிறுவனமே சேதத்தை மதிப்பிட ஓர் அட்ஜஸ்டரை அனுப்புகிறதே, பப்ளிக் அட்ஜஸ்டர் என்பவர் வேறா?

வேறு. நிறுவனம் அனுப்புகிறவர் அதன் ஊழியராக இருப்பார், அல்லது அது அமர்த்திய இன்டிபென்டன்ட் அட்ஜஸ்டராக இருப்பார். இருவருக்கும் பணம் கொடுப்பது நிறுவனம்தான். வீட்டுக்காரர் பக்கம் நின்று சேதத்தைக் கணக்கிட்டு நிறுவனத்தோடு பேசுகிறவர் பப்ளிக் அட்ஜஸ்டர். அவரை ஆள்வது டெக்சாஸ் இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 4102ஆம் அத்தியாயம்; உரிமம் தருவது மாநில இன்ஷூரன்ஸ் துறை. கையெழுத்துக்கு முன் துறையின் இணையதளத்தில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

கேட்டி வாசகர்: 10 சதவீதம் கட்டணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

10 சதவீதம் என்பது சட்டம் வைத்த உச்சவரம்பு. அதற்குக் கீழே பேசி முடிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. சதவீதத்தைவிட முக்கியமானது, எந்தத் தொகையின் மீது சதவீதம் என்பது. நிறுவனம் ஏற்கெனவே 30,000 டாலர் தர ஒப்புக்கொண்டுவிட்டது, அட்ஜஸ்டர் வந்து அதை 42,000 ஆக்கினார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தின் மீது 10 சதவீதம் என்றால் 4,200 டாலர். கூடுதலாக வந்ததன் மீது மட்டும் என்றால் 1,200. ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. இழப்பைத் தெரிவித்த 72 மணி நேரத்துக்குள் நிறுவனம் பாலிசியின் முழு வரம்பையும் கொடுத்தால், அல்லது தருவதாக எழுத்தில் உறுதி சொன்னால், அட்ஜஸ்டர் சதவீதக் கட்டணம் வாங்க முடியாது. செலவிட்ட நேரத்துக்கு நியாயமான ஊதியம் மட்டுமே வாங்கலாம். தீயில் முழு வீடும் போனவர்கள் இதை அறியாமல் அவசரப்பட்டுக் கையெழுத்திடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஃபிரிஸ்கோ வாசகர்: கூரைக் கான்ட்ராக்டர் டிடக்டபிளை, அதாவது இழப்பில் நான் என் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கை, தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

2019 செப்டம்பர் 1 முதல் அப்படிச் செய்வது டெக்சாஸில் குற்றம். நீங்கள் டிடக்டபிளைக் கட்டியதற்குச் சான்று கேட்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. கான்ட்ராக்டர் சொல்வதை மறுத்துவிடுங்கள்.

ஆலன் வாசகர்: அதே கான்ட்ராக்டர், "கிளெய்மை நானே பேசி முடிக்கிறேன்" என்கிறார். அது தவறா?

தவறு. ஒரே வீட்டில் வேலையும் எடுத்து, கிளெய்மும் பேச சட்டம் இடம் தரவில்லை, பப்ளிக் அட்ஜஸ்டர் உரிமம் இருந்தாலும்கூட.

லூயிஸ்வில் வாசகர்: நான் கூரைத் தொழிலில் இருக்கிறேன். சேதத்தை முழுதாக அறிந்தவன் நான். பேசக் கூடாது என்று என் வாயை அடைப்பது பேச்சுரிமைக்கு விரோதம் இல்லையா?

இதே வாதத்தோடு ஸ்டோன்வாட்டர் ரூஃபிங் என்ற கூரை நிறுவனம் வழக்குப் போட்டது. 2024 ஜூனில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. சட்டம் கட்டுப்படுத்துவது பேச்சை அல்ல, இன்னொருவருக்காக முகவராக நின்று கிளெய்மைத் தீர்க்கும் தொழிலை என்று நீதிமன்றம் சொன்னது.

அதே வாசகர்: அப்படியானால் நிறுவனத்தின் அட்ஜஸ்டர் கூரையேறும்போது நான் வாய்மூடி நிற்க வேண்டுமா?

வேண்டாம். எத்தனை ஓடுகள் உடைந்தன, எதை மாற்ற வேண்டும், என்ன செலவாகும் என்று உங்கள் மதிப்பீட்டைத் தாராளமாக விளக்குங்கள். பாலிசி எதற்குப் பொருந்தும், எவ்வளவு தர வேண்டும் என்று வீட்டுக்காரர் சார்பில் வாதாடுவதுதான் கோட்டைத் தாண்டுவது. உங்கள் தொழிலறிவை நான் மதிக்கிறேன். ஆனால் தொகை ஏறினால் உங்கள் வேலைக்கான பில்லும் ஏறும். அந்த நிலையில் இருப்பவர் வீட்டுக்காரரின் முகவராக முடியாது என்பதுதான் என் உறுதியான கருத்து. உங்கள் விளம்பரத்தில் "கிளெய்ம் வாங்கித் தருகிறோம்" என்று இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

இர்விங் வாசகர்: என் கான்ட்ராக்டரும் டிடக்டபிள் வேண்டாம் என்கிறார்...

மேலே ஃபிரிஸ்கோ வாசகருக்குச் சொன்னதேதான்.

ஆஸ்டின் வாசகர்: நிறுவனம் இழுத்தடிக்கிறது. உடனே பப்ளிக் அட்ஜஸ்டரை வைக்கலாமா?

முதலில் நாட்களை எண்ணுங்கள். பொதுவாக, கிளெய்மை எழுத்தில் தெரிவித்த 15 நாட்களுக்குள் அவர்கள் அது கிடைத்ததை ஒப்புக்கொண்டு விசாரணையைத் தொடங்க வேண்டும். கேட்ட ஆவணங்கள் எல்லாம் கைக்கு வந்தபின் 15 வேலை நாட்களில் ஏற்பா மறுப்பா என்று சொல்ல வேண்டும். ஏற்றால் 5 வேலை நாட்களில் பணம் தர வேண்டும். பெரும் பேரிடரென்றால் இந்தக் கெடுக்களோடு 15 நாட்கள் கூடும். கெடு தாண்டினால் துறையில் புகார் கொடுங்கள், அதற்குக் கட்டணமில்லை. வழக்குப் போடுவதானால் வழக்கறிஞரிடம் போங்கள். பப்ளிக் அட்ஜஸ்டர் சட்ட ஆலோசனை தரக் கூடாது.

சென்னை வாசகர்: இங்கே வெள்ளச் சேதத்துக்கு இப்படி ஒருவரை வைக்கலாமா?

அங்கே முறை வேறு. பொதுவாக, சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை நியமிப்பது நிறுவனம். அதன் முடிவில் குறை இருந்தால் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனை (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை) அணுகுங்கள்.

மெக்கின்னி வாசகர்: டிடக்டபிள்...

கட்டுங்கள்.

சுகர் லேண்ட் வாசகர்: புயல் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்தார். நேற்று இரவு கையெழுத்திட்டுவிட்டேன். உரிமத்தைப் பார்க்கவில்லை.

பேரிடர் நடந்துகொண்டிருக்கும்போது ஆள் பிடிப்பதே சட்டப்படி தடை. கையெழுத்திட்டதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் ஒப்பந்தத்தை ரத்துசெய்யலாம். தொலைபேசியில் சொல்லாதீர்கள், எழுத்தில், தேதியும் நேரமும் போட்டு இன்றே அனுப்பிவிட்டு, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உரிமத்தைத் தேடிப் பாருங்கள். உரிமம் இல்லையென்றால் துறைக்குத் தெரிவியுங்கள்.