மூணே ரிவ்யூல 5 ஸ்டார் வாங்குன நர்சரிய நம்பலாமா?

ஆன்லைன்ல மாங்கன்னு வாங்கணும், ஒருத்தருக்கு 3 ரிவ்யூ மூணுமே நல்லது, இன்னொருத்தருக்கு 100ல 95 நல்லது, யார நம்புறதுன்னு கேட்டிருக்கீங்க. நான் ரெண்டாவது ஆளத்தான் சொல்லுவேன். 2002ல யோசாங், இஸ்மாயில்னு ரெண்டு பேர் எழுதுன பீட்டா ரெப்யூடேஷன் கணக்கு இதுக்குன்னே இருக்கு: நல்ல ரிவ்யூவோட 1 கூட்டி, அத மொத்த ரிவ்யூவோட 2 கூட்டி வர்றதால வகுக்கணும்; வர்ற விடை 1க்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நம்பலாம். முதல் ஆளுக்கு 4/5, அதாவது 0.8. ரெண்டாவது ஆளுக்கு 96/102, கிட்டத்தட்ட 0.94. ரிவ்யூவே இல்லாதவருக்கு 0.5, நம்பிக்கையும் இல்ல சந்தேகமும் இல்ல.

ஆனா நம்ம கிருஷ்ணகிரி பக்கம், சந்தூர்ல ஒட்டுக்கன்னு வாங்குனவங்களுக்கு தெரியும், ஒட்டுப் போட்ட இடத்துல பாலிதீன் சுத்தி பச்சையா துளிர் விட்டு நிக்கும், அது செந்தூரா ரகமா பெங்களூரா ரகமான்னு மூணு நாலு வருஷம் கழிச்சு காய் பிடிச்சாத்தான் உறுதியா தெரியும், அதனால பார்சல் வந்த அன்னிக்கே போடுற 5 ஸ்டார் பேக்கிங்குக்குத்தான், ரகத்துக்கு இல்லவே இல்ல.

இன்னொன்னு, ஒரே ஆளு நூறு பொய் அக்கவுண்ட் தொறந்து நல்லதா எழுதுனா இந்த கணக்கு ஏமாந்துடும், சிபில் அட்டாக்னு பேரு. 2003ல வந்த ஐகன்ட்ரஸ்ட் முறையில சொல்ற ஆளோட நம்பகத்தையும் சேர்த்து எடை போடுவாங்க. நீங்களும் காய்ச்சதுக்கு அப்புறம் வந்து எழுதுனவங்க ரிவ்யூவா தேடிப் படிங்க.