தானா ஓடுற போட் கட்டுறதுல மெக்கானிக்கல் கஷ்டமா, எலக்ட்ரானிக்ஸ் கஷ்டமா?

ரெண்டுக்கும் நடுவுல இருக்கே வயரு, அதுதாங்க கஷ்டம்.

காலேஜ் மூணாவது வருஷம் நாங்க ஆறு பேரு சேர்ந்து ஒண்ணு கட்டுனோம். ஃப்ளோரிடாவுல நடக்குற ரோபோபோட் போட்டியோட ரூல்ஸை வச்சுத்தான் கட்டுனோம், போட்டிக்குப் போகல, டிக்கெட்டுக்கு யாருகிட்ட காசு.

ப்ரோக்ராம் கோடுதான் உயிரை எடுக்கும்னு பயந்துட்டு இருந்தோம், ஆனா பிக்ஸ்ஹாக்ங்கிற கன்ட்ரோல் போர்டுல ஆர்டுபைலட் ரோவர்ங்கிற ரெடிமேட் சாஃப்ட்வேரை ஏத்துனா அதுல போட்டுக்குன்னே செட்டிங் இருக்கு, பாயிண்ட் டு பாயிண்ட் போறதுக்கு ரெண்டு நாள்ல ரெடி பண்ணிட்டோம்.

மொத அடி ஹல்லுலதான், அதாவது போட்டோட உடம்புலதான் விழுந்துச்சு. தெர்மாகோலை வெட்டி ரெண்டு மிதவை செஞ்சு மேல ஃபைபர் ஒட்ட சாதா பாலியெஸ்டர் ரெசினை ஊத்துனோம், கண்ணு முன்னாடியே குழி குழியா உள்ள போயிருச்சு. அதுல இருக்குற ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைச்சிரும்னு அப்பதான் தெரியும். எபாக்ஸி ரெசின் கரைக்காது, விலை ஜாஸ்தி, வேற வழியில்ல.

அப்புறம் காம்பஸ். கரையில ஒழுங்கா வடக்கு காட்டும், ஏரியில விட்டு த்ராட்டில் ஏத்துனா, அதாவது மோட்டர் வேகத்தைக் கூட்டுனா, போட்டு செக்கு மாடு மாதிரி சுத்தும். பிஐடி நம்பரை, அதாவது திசை விலகுனா எவ்வளவு திருப்பணும்னு சொல்ற செட்டிங்கை, மாத்தி மாத்தியே ஒரு வாரம் போச்சு. கடைசில ஒருத்தன் மோட்டரை மட்டும் தண்ணி ட்ரம்முல இறக்கி, போட்டை அசையாம வச்சு, லேப்டாப்ல ஹெடிங்கை, அதாவது காம்பஸ் காட்டுற திசையைப் பார்த்தான். த்ராட்டில் ஏற ஏற நம்பரும் நகருது, இறக்குனா பழையபடி வந்துருது. பேட்டரி ப்ளஸ் வயரு காம்பஸ்க்குக் கீழயே போகுது, மைனஸ் அந்தப் பக்கமா சுத்தி வருது, அதான் விஷயம். 20 ஆம்ப் ஓடுற ஒத்தை வயருக்கு 10 சென்டிமீட்டர் தள்ளி காந்தப்புலம் 40 மைக்ரோடெஸ்லா வரும், நம்ம ஊர்ல பூமியோடதே கிட்டத்தட்ட அவ்வளவுதான், பாவம் காம்பஸ் எதைன்னு நம்பும்? ப்ளஸ்ஸையும் மைனஸையும் சேர்த்து ஜடை மாதிரி முறுக்கிட்டு, ஜிபிஎஸ், காம்பஸ் ரெண்டையும் ஒரு பிவிசி பைப் மேல தூக்கி வச்சோம், அன்னைக்கே நேரா போச்சு!

அவசரத்துக்கு மோட்டரை நிறுத்துற கில் ஸ்விட்சை மட்டும் கோடுல வைக்காதீங்க, கோடு தொங்கிருச்சுன்னா அதுவும் சேர்ந்து தொங்கிரும். மோட்டருக்குப் போற கரண்டையே ரிலே (கரண்ட்ல இயங்குற ஸ்விட்ச்) வச்சு கட் பண்ணணும், பிக்ஸ்ஹாக்குக்கு தனி லைன் குடுங்க, இல்லன்னா ஸ்விட்சை அமுக்குனதும் லாகும், அதாவது ஓடுனதோட பதிவும் போயிரும்.

எலக்ட்ரானிக்ஸ் வைக்கிற டப்பா ஐபி67, தண்ணி புகாததுதான், ஆனாலும் வெயில்ல சூடாகி தண்ணி பட்டு ஆறும்போது உள்ள வேர்க்கும், செருப்பு டப்பாவுல வருமே அந்த சிலிக்கா ஜெல் பாக்கெட்டு, நாலு போட்டு வைங்க.

மொத ரன்ல கயிறு கட்டித்தான் விடணும், ஆனா நைலான் வேணாம், அது முங்கி நேரா ப்ரொப்பெல்லர்ல சுத்திக்கும், எங்களுக்கு சுத்துச்சு, இடுப்பளவு தண்ணில இறங்கி பிளேடால அறுத்தோம். மிதக்குற பாலிப்ரொப்பிலீன் கயிறா கேட்டு வாங்குங்க.